தத்தன் மீண்டு வந்த செய்தி: மெய்ப்பொருள் நாயனார் புராண ஆராய்ச்சி

திருத்தொண்டர் புராணத்தை விரித்துரைப்போர் பலரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைக் கூறுங்கால், முத்தநாதன் படையை உருவிய அவ்வொரு கணத்திலேயே தஞ் சொல்வன்மை முழுதையுஞ் செலவிட்டுவிடுகின்றனர். சிலர் கையை ஓங்கி அச்செயலை நடித்துங் காட்டுவர். அதன்பின் நாயனார் இறைவன் திருவடி எய்தினார் என்று ஒரு வாக்கியத்தில் முடித்து மங்கலம் பாடுவர். கேட்போரும் கண்ணீர் வாரக் கேட்டு, இஃது அரசர்க்கும் அடியார்க்கும் ஆவதேயன்றி நம்மனோர்க்கு எட்டுவதன்று என்று எண்ணி இல்லந் திரும்புகின்றனர். இவ்வாறு உரைப்பதும் இவ்வாறு கேட்பதும் ஆசிரியர் சேக்கிழார் பெருமான் கருத்துக்கு இயைவன அல்ல என்பது எமது துணிபு. அப்புராணம் வியப்புக்குரிய ஒரு சாவைப் பாடுவதினும், உறங்கி எழுதல், இருக்கை தருதல், வழிவிடுதல், செய்தி கேட்டல், நன்றி கூறுதல் என்னும் அன்றாடச் செயல்களைப் பாடுவதிலேயே மிக்க கருத்துடையது. அதனை நூலின் அமைப்பைக் கொண்டே ஈண்டுக் காட்டப் புகுகின்றாம்.

நாயனார் அரசு வீற்றிருந்த திருக்கோவலூர், பெண்ணையாற்றின் தென்கரையில், அட்ட வீரட்டங்களுள் அந்தகாசுரனை அழித்த வீரட்டமாய் விளங்குவது. சேதி நாடு எனவும் மலாடு எனவும் அந்நாடு பெயர் பெறும். அந்நகரும், சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த திருநாவலூரும், மேற்கே கல்வராயன் மலையும், 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பட்ட கள்ளக்குறிச்சி மாவட்டத்துள் இப்பொழுது அடங்கியுள்ளன. மெய்கண்ட தேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும் இவற்றிற்கு அணித்தே உள்ளது. வேடத்தைச் சிவமெனக் கண்ட அரசரும், அவ்வழிபாட்டிற்குச் சூத்திரம் வகுத்த ஆசிரியரும் ஒரே ஆற்றின் நீருண்ட நாட்டினர் என்பதை அன்பர்கள் உளங்கொள்க.

நாயனார் வரலாற்றுக்கு முதல் மூன்று. சுந்தரர் திருத்தொண்டத் தொகையில் அவரை வெல்லுந் திறம் மிக வல்லவர் என்னும் அடையொன்று தந்து, பெயர் கூறி வணங்கி அமைந்தார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில், மெய்த்தவன் போல வந்த பொய்த்தவனையும், அவனைக் கொல்லப் புகுந்த தத்தனையும், இவன் நம்மவன் என்று நாயனார் தடுத்ததையும், உடனே வானுலகம் பெற்றதையும் ஒரு பாட்டில் அடக்கினார். சேக்கிழாரோ 24 செய்யுளால் விரித்தார். விரித்தவற்றுள் அந்தாதியிற் காணப்படாதன எவை என்று நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். தத்தன் பகைவனை அழைத்துக்கொண்டு சென்ற வழியும், அவன் மீளுமளவும் நாயனார் உயிரைத் தாங்கியிருந்த நிலையும், மீண்டவனுக்கு அவர் கூறிய நன்றியுரையும் அந்தாதியில் இல்லை. 24 செய்யுளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நாயனார் குத்துண்டு வீழ்ந்த பின்னர் நிகழ்ந்தனவற்றையே கூறுகின்றது. அவை மரபாய் வழங்கிய செய்திகளோ, ஆசிரியர் தம் திருவுள்ளத்தால் விரித்தனவோ, அவ்வாராய்ச்சி ஈண்டு வேண்டா. ஒரு புலவன் எவ்விடத்தே நின்று நிதானிக்கின்றான் என்பதே அவன் எதனை மதிக்கின்றான் என்பதற்குச் சான்று. சேக்கிழார் நின்ற இடத்தை நம் விரிவுரையாளர் ஓடிக் கடக்கின்றனர்.

இனி, குத்துண்பதற்கு முன் நிகழ்ந்தனவற்றைக் காண்பாம். போரிற் பன்முறை தோற்ற முத்தநாதன் மெய்யெலாம் நீறு பூசி, சடை முடித்து, படையைப் புத்தகக் கட்டில் மறைத்து வருகின்றான். வாயில்கள் பல கடந்தபின் கடைசி வாயிலில் தத்தன் தடுத்து, அரசர் துயில்கின்றார், காலம் அறிந்து புகுதல் வேண்டும் என்கின்றான். அதனைப் பொருட்படுத்தாது அவன் உட்புக, அருகிருந்த தேவியார் துணுக்குற்றெழ, நாயனார் துயிலுணர்ந்து எழுந்து எதிர்கொண்டு வணங்குகின்றார். எங்கும் இல்லாததோர் ஆகமங் கொணர்ந்தேன் என்றவனிடத்து, இதனினும் பேறுண்டோ, ஓதியருளுக என்கின்றார். தனித்திருத்தல் வேண்டும் என்றவுடன் தேவியாரை உள்ளே போக்குகின்றார். அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் இருக்கின்றார்.

இச்செயல்களுள் யாதானும் ஒன்று மக்கட்கு அரியதோ? விருந்தினர் வந்தால் எழுதல், வணங்குதல், வேண்டுவது வினாவுதல், ஆசனந் தருதல், தாம் தாழ இருத்தல் என்பன தமிழ் நாட்டில் எழுத்தறியாத இல்லறத்தாரும் நாடோறுஞ் செய்து வருவன. சைவ நூல்கள் இவற்றைச் சரியை என்று பெயரிட்டு வழங்கும். சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சரியை நெறியை விளக்குங்கால், திருக்கோயில் அலகிடல், மெழுகல், மாலை தொடுத்தல், விளக்கிடல் ஆகியவற்றோடு, அடியாரைக் கண்டவிடத்து வணங்கி, யான் செய்யத்தக்க பணி யாது என்று வினவி அதனைச் செய்தலையும் உடன் வைத்து எண்ணினார். ஞானம் பேசுவோர் பலர் இச்சரியையை முதற்படி எனக் கூறிக் கடந்து மேலே செல்ல விரைவர். மேற்படி ஏறியபின் கீழ்ப்படியை இடித்தெறிவார் உளரோ? மெய்ப்பொருள் நாயனார் இறுதி நாளில் இயற்றியது புதிய தவமொன்றும் அன்று. நாடோறும் வந்த அடியார்க்குச் செய்து பழகியதனையே அன்று வந்தவனுக்குஞ் செய்தார். முன்னைய அடியார்கள் ஆசி கூறிச் சென்றனர், இவன் குத்தினான். வேற்றுமை வந்தவனிடத்தே, எதிர்கொண்டவரிடத்து அன்று. அடியார்க்கெனப் பல்லாண்டு பொருளை எடுத்தெடுத்துக் கொடுத்த கை, படையைக் கண்டபோதும் கூப்பியபடியே நின்றது. பழக்கம் அத்துணை வலியுடைத்து.

ஈண்டு ஒரு தடை எழும். பொய்வேடத்தாரை நம்பிப் பொருளும் மானமும் இழந்தார் செய்திகள் இக்காலத்து நாடோறும் பேசப்படுகின்றன. அங்ஙனமாக, வேடம் பூண்டான் எவனாயினும் வணங்குக என்னும் இப்புராணம் வஞ்சகர்க்கு வாயில் திறப்பதாகாதோ என்பது அத்தடை. இதனை வினாவுவோர் சைவத்துக்குப் பகைவர் என்று சினந்து ஒதுக்குதல் தகாது. வினா நேரியது. அதனை முதற்கண் எழுப்பியவர் சேக்கிழாரே ஆவர். அவர் முத்தநாதனுக்கு ஒளியினுள்ளே கரியை வைத்திருக்கும் விளக்கை உவமை கூறினார். அவன் வஞ்சனையை ஓரிடத்தும் மறைத்திலர். விளக்கினுட் கரி உண்டென்பது மெய். அது தரும் ஒளியும் மெய். நாயனார் ஒளியைத் தொழுதார். கரி காணுந் தொழில் வாயில் காப்பானுக்கு உரியது. தத்தன் அதனைச் செய்ய முயன்றான் என்பதையும் புலவர் பதிந்துவைத்தார்.

சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மயக்கம் நீங்கி அன்பு மிக்கவருடைய வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழுக என்பது. அன்பு மிக்கவர் வேடம் என்று அடைகொடுத்து ஓதினமையின், அன்பில்லாதவன் பூண்ட வேடம் அச்சூத்திரத்துள் அடங்குமோ என்று வினாவலாம். அடங்காது என்று கொள்ளின், நாயனார் சூத்திரத்தின் எல்லையையுங் கடந்து நின்றார் என்றல் வேண்டும். அதனாலேயே அவர் செயல் விதியாகாது, வழிபடற்குரியதாய் நிற்கின்றது என்பது எமது கருத்து. வேடத்தை வணங்குதல் ஒன்று. வேடம் பூண்டான் கையில் வீட்டையும் மக்களையும் ஊர்ப்பொதுப் பணத்தையும் ஒப்படைத்தல் மற்றொன்று. நாயனார் தேவியாரை அவ்விடத்தினின்றும் அகற்றிய பின்னரே வந்தவன் எதிரே அமர்ந்தார். அன்று இடுக்கண் எய்தியது அவர் திருமேனி ஒன்றே. ஆயினும் அவர் அரசர். அரசன் வீழின் குடிகள் வருந்துவர் என்னும் எதிர்மொழி இன்னும் எஞ்சி நிற்கின்றது. அதனை முற்றும் மறுத்துவிட்டோம் என்று யாம் கூறோம். வீதியில் திரண்ட குடிகளின் சினத்தைச் சேக்கிழார் மறையாது பாடியிருப்பது, அவ்வெதிர்மொழியின் வலியை அவரும் உணர்ந்திருந்தார் என்பதற்கு அடையாளம்.

இவ்விடத்தே அந்நகரின் பழஞ்செய்தி ஒன்று நினைவுக்கு வருகின்றது. திருக்கோவலூரைச் சங்க காலத்தில் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி கடையெழு வள்ளல்களுள் ஒருவன். புறநானூற்றிற் கபிலர் அவனை நோக்கி, கொடுத்தல் எளிது, வருவார் தரம் அறிதலே மிக அரிது, ஆதலின் புலவரிடத்து எல்லாரையும் ஒருபடியாக நோக்குதலை ஒழிக என்று அறிவுறுத்தினார். அதே நகரிற் பின்வந்த மலாடர் கோமானோ, தரம் அறிதலை ஒழித்து, எல்லாரையும் ஒருபடியாக நோக்குதலையே நோன்பாகக் கொண்டார். இரண்டும் தம்முள் மாறுபடுவன போலத் தோன்றும். கபிலர் வேண்டியது புலமைக்கு ஏற்ற மதிப்பு. நாயனார் வழங்கியது புலமை, குணம், குலம் என்னும் யாதொன்றையும் நோக்காத மதிப்பு. பரிசில் கொடுக்கும் அவையில் முன்னது வேண்டும். வாயிலில் வந்து நின்றவனுக்கு இருக்கை தரும்போது பின்னதே வேண்டும். வந்தவன் தரம் அறிந்தபின் எழுந்திருக்கலாம் என்று காத்திருப்பவன், பெரும்பாலும் எழுந்திருப்பதே இல்லை.

இனித் தத்தனுக்கு வருவாம். நம் ஆராய்ச்சியின் உயிர்நிலை இவனிடத்தே உள்ளது. உள்ளே நிகழ்ந்தது கண்ட அவன் நொடியிற் பாய்ந்து வாளை ஓங்குகின்றான். குருதி சோர வீழும் அரசர் கையால் தடுத்து, இவன் நம்மவன் என்று உணர்த்துகின்றார். தத்தன் தலையால் வணங்கி, யான் செய்யத்தக்கது யாது என்று கேட்கின்றான். சித்தியார் கூறிய சரியை வினா இதுவே அன்றோ! அரசர் அடியாரிடத்து வினாவியதனை, வாயில் காப்போன் அரசரிடத்து வினாவுகின்றான். இவ்வேடத்தார்க்கு வழியில் இடையூறு நேராவண்ணம் கொண்டுபோய் விடுக என்பது விடையாயிற்று.

இதனினும் கொடிய பணி ஒரு தொண்டனுக்கு வாய்த்தல் அரிது. தன் தலைவனைக் கொன்றவனோடு தெருவில் நடத்தல் வேண்டும். செய்தி பரந்து, ஊரார் வளைந்துகொள்கின்றனர். தத்தன் அரசர் ஆணையை ஒவ்வொரு கூட்டத்தார்க்கும் எடுத்துக் கூறி விலக்குகின்றான். நகர் கடந்து, ஆள் வழக்கற்ற காட்டின்கண் அவனைச் சேர்க்குமளவும் நெடிய வாளைக் கையில் ஏந்தியே சென்றான் என்கின்றார் சேக்கிழார். கொல்ல எடுத்த வாள் கொலைஞனுக்குக் காவலாயிற்று. தத்தன் நெஞ்சில் அப்போது என்ன இருந்தது என்று ஆசிரியர் ஒரு சொல்லும் உரைத்திலர். அவன் மனம் மாறிவிட்டது என்றோ, பகைவனை மன்னித்துவிட்டான் என்றோ பாடியிருப்பின் எளிதாயிருக்கும், பொய்யாயுமிருக்கும். மனம் கொதிக்க, கால் நடந்தது. நம்மில் எத்துணையோ பேர் விருப்பமில்லாத கடமையை ஒருவர் சொல்லுக்காகச் செய்து முடித்து, அதனை யாரிடமும் எடுத்துரையாது இருந்துவிடுகின்றோம். அவர்கட்கெல்லாம் தத்தன் உறவினன். குறிக்கோள் என்பது எக்காலும் உள்ளத்தில் இன்பமாய் எழுவதன்று. சிலகால் அது பிறர் இட்ட பணியாய் வந்து, நடக்க நடக்கவே நமதாகின்றது.

அக்காடு யாதென ஆசிரியர் பெயர் கூறிற்றிலர். கல்வராயன் மலையடியே அது என்று துணிந்து கூறுவாருக்குச் சான்றில்லை. அவ்வாறு கூறுதல் வேண்டுவதும் அன்று.

தத்தன் திரும்புமளவும் நாயனார் உயிரைத் தாங்கியிருந்தார். எதற்கு? சிவதரிசனத்திற்கு அன்று, தேவியாருக்கும் அமைச்சர்க்கும் இறுதி மொழி கூறுதற்கும் அன்று. அவர்கள் முன்னரே சூழ்ந்திருந்திருக்கலாம். அம்மொழியையும் அவர் தத்தன் வந்தபின்பே கூறுகின்றார். வழிபோனவன் நலமாய்ச் சேர்ந்தான் என்னுஞ் செய்தி ஒன்றினைக் கேட்டற்பொருட்டே சோர்கின்ற ஆவியை நிறுத்தினார். ஊருக்குச் சென்ற மகன் சேர்ந்த செய்தி வருமளவும் விளக்கை அவியாது விழித்திருக்கும் தாயை நாம் அறிவோம். அத்தாயுள்ளம் பகைவன்மேற் சென்றது. தத்தன் வந்து வணங்கி, இடையூறின்றி விட்டேன் என்றான். அதற்கு நாயனார், இன்று எனக்கு ஐயன் செய்ததனை வேறு யார் செய்ய வல்லார் என்னும் பொருள்பட மொழிந்து, நின்றவனை நிறைந்த கருணையோடு நோக்கினார்.

ஐயன் என்னுஞ் சொல்லை இங்கே ஊன்றி நோக்குதல் வேண்டும். அரசன் வாயில் காப்பானை அழைக்குஞ் சொல்லன்று அது. வாயில் காப்பான் அரசனை அழைக்குஞ் சொல். நன்றி என்பது கீழோர் மேலோர்க்குச் செலுத்துங் கடன் என்றே உலகம் கருதுகின்றது. நாயனார் அதனைத் திருப்பிச் செலுத்தினார். இட்ட ஆணையை நிறைவேற்றுதல் ஏவலன் கடமைதானே, அதற்கு நன்றி எற்றுக்கு என்று அவர் கருதவில்லை. ஆணை எத்துணைக் கடியது என்பதை அறிந்திருந்தமையின், அது நிறைவேறியதை ஒரு கொடையாகவே ஏற்றார்.

யவன நாட்டு ஞானி சாக்கிரட்டீசரும் கி.மு. 399-இல் நஞ்சுண்டு இறக்குமுன், கண்ணீர் விட்ட சிறைக்காவலனது நற்குணத்தைப் பாராட்டினார் எனவும், தாம் ஒரு தெய்வத்துக்குச் செலுத்தவேண்டியிருந்த சேவற் கடனை நண்பர் கிரீட்டோவுக்கு நினைவூட்டினார் எனவும் அவர் மாணாக்கர் பிளேட்டோ எழுதிவைத்தார். அவர் அறம் பெரிது. எனினும் அவரைக் கொல்வித்தவர்கள் பத்திரமாக வீடு சேர்ந்தனரா என்று அவர் காத்திருக்கவில்லை. இவ்வொப்புமையை இதற்குமேல் நீட்டுதல் இரு பெரியோர்க்கும் தகாது.

நன்றியுரையைப் பற்றிக் கூறும்போது, அம்மாவட்டத்தின் மேற்கே உள்ள மலையை நினையாதிருத்தல் இயலவில்லை. கள்ளக்குறிச்சியினின்று கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு ஏறுஞ் சாலையிற் செல்வோர், சாமையும் தினையும் விளைக்கும் மலையாளிக் குடிகளின் ஊர்களைக் காண்பர். காஞ்சிபுரத்தினின்றும் தம் முன்னோர் வந்தனர் என்பது அம்மக்களின் மரபுரை. அம்மலை நெடுங்காலம் மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. 1976-ஆம் ஆண்டில் அரசு அதனைத் தன் நேர் ஆட்சிக்குட் கொண்டுவந்தது. அதுகாறும் மலைவாழ் மக்கள் கூலியின்றி வேலை செய்தற்குக் கட்டுப்பட்டிருந்தனர். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர்க்கு அவ்விடுதலை எட்டியது. ஏவலனை ஐயன் என்று அழைத்த அரசரின் புராணம் சமவெளியிற் கோயில்தோறும் ஓதப்பட்டுக்கொண்டிருந்த அந்நூற்றாண்டுகளில், மலைமேல் உழைத்தவர்க்குக் கூலியும் இல்லை, நன்றிச் சொல்லும் இல்லை. புராணம் ஓதியவர்கள் வஞ்சகர் என்று யாம் கூறவில்லை. குத்துண்ட கணத்தைக் கேட்டு அழுதவர்கள் உண்மையாகவே அழுதனர். ஆனால் தத்தன் மீண்டு வந்த பாட்டு அவர்கள் செவியில் தங்கவில்லை. தங்கியிருப்பின், தம் வாயிலில் நின்றவனையும் தம் வயலில் உழைத்தவனையும் எவ்வாறு அழைப்பது என்னும் வினா எழுந்திருக்கும்.

இக்குணம் அந்நாட்டிற்கு ஒருவரோடு நின்றுவிடவில்லை. திருமுனைப்பாடி நாட்டு வேந்தர் நரசிங்கமுனையரைய நாயனார், திருவாதிரை நாள்தோறும் அடியார்க்குப் பொன்னும் அமுதும் அளிப்பவர். ஒருநாள் ஒழுக்கங் கெட்ட அடையாளங்களோடு, ஆயினும் நீறணிந்து, ஒருவன் வந்தான். அருகிருந்தோர் இகழ்ந்து ஒதுங்கினர். மற்றையோர்க்கு நூறு பொன் கொடுத்த நாயனார் அவனுக்கு இருநூறு கொடுத்து, இன்சொல்லும் கூறி அனுப்பினார். அவர் வரலாற்றில் வாளில்லை, குருதியில்லை. சபையில் ஒருவன் நாணி நிற்கும்போது அவன் நாணத்தைப் போக்கிய செயல் ஒன்றே உண்டு. அவ்வளவிற்கே அவர் அறுபத்துமூவருள் வைத்தெண்ணப்பட்டார்.

அந்நரசிங்கமுனையரையரே, திருநாவலூர் வீதியில் சிறுதேர் உருட்டி விளையாடிய ஒரு குழந்தையைக் கண்டு அன்புகூர்ந்து, அதன் தந்தையாராகிய சடையனாரிடம் நட்புரிமையால் வேண்டிப் பெற்று வளர்த்தார். தெருவில் விளையாடும் பிள்ளையைக் கண்டு நிற்றல் எத்துணை எளிய செயல்! அப்பிள்ளையே வளர்ந்து திருத்தொண்டத் தொகை பாடிய சுந்தரர். தொகையில் வளர்த்த தந்தையாகிய நரசிங்கமுனையரையர்க்கும் இடம் வைத்தார். இறுதியில் தம்மைச் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனென்று கூறிப் பெற்றோரையும் வைத்தார். அத்தொகையை வரலாற்றுப் பட்டியல் என்றும், தோத்திரம் என்றும் அறிஞர் பலவாறு வகைப்படுத்துவர். அது ஒரு நன்றிக் கணக்கும் ஆகும் என்பதை அவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

மெய்ப்பொருள் நாயனாரது குருபூசை கார்த்திகைத் திங்கள் உத்திர நாளில் வருகின்றது. அந்நாளில் இப்புராணத்தை விரிக்கும் அன்பர்கள், குத்திய செய்யுளில் குரலை உயர்த்துவதைச் சிறிது குறைத்து, தத்தன் சென்ற வழியையும் மீண்ட வரவையும் கூறும் செய்யுட்களுக்கு அரை நாழிகையேனும் மிகுதியாகக் கொடுப்பாராக. பாடங் கேட்கும் மாணாக்கர்க்கு இன்னும் ஒன்றைச் சுட்டலாம். தத்தன் அறுபத்துமூவருள் ஒருவன் அல்லன். அவனுக்குத் தனியே புராணமும் இல்லை. காட்டினின்று மீண்ட பின் அவன் என்னவாயினன் என்பதும் கூறப்படவில்லை. அவன் பெயரை அந்தாதி காத்தது. அவனுக்கு உரைத்த நன்றியைச் சேக்கிழார் காத்தார்.